தெருவுக்கு ஒரு அணி வைத்தால் ஏன் சண்டை வருகிறது?

கேள்வி இது. திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊர். பொங்கலுக்கு இளைஞர் மன்றம் கபடிப் போட்டி நடத்தியது, தெருவுக்கு ஒரு அணி. இறுதி ஆட்டத்தில் மேலத்தெருவும் தலித் மக்கள் வாழும் காலனியும் மோதின. பாடிச் சென்றவர் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்று கிளம்பிய பேச்சு கைகலப்பில் முடிந்தது. "சேர்ந்து விளையாடினால் ஒற்றுமை வரும் என்றுதான் வைத்தோம். எங்கள் ஊரில் இப்போது யாரும் சாதி பார்ப்பதில்லை. பிறகு ஏன் இப்படி ஆனது? அடுத்த வருடம் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். அணி பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். நீங்கள் வைத்த போட்டியில் இரண்டு தெருக்காரர்கள் சேர்ந்து விளையாடவே இல்லை, எதிரெதிரே நின்றுதான் விளையாடினார்கள். இந்த இரண்டுக்கும் விளைவு நேர்மாறாக இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. மாட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் மூலம் இதைச் சோதித்தார். முடிவுகள் 2021-இல் வெளியாயின. யாருக்கு யார் சக ஆட்டக்காரர், யார் எதிராளி என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. வேற்றுச் சாதிக்காரர்களோடு ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரனுக்கே முன்னுரிமை தரும் போக்கு குறைந்தது. பிறகு வைத்த பொருள் பரிமாற்றச் சோதனையிலும் அவர்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள். வேற்றுச் சாதிக்காரர்களை எதிரணியில் அதிகம் சந்தித்தவர்களிடம் சாதி கடந்த பழக்கம் பொதுவாகக் குறைந்தது. அதே ஆட்டம்தான், அதே மைதானம்தான். யார் பக்கம் நின்றோம் என்பதுதான் வேறு.

தெருப் பெயரில் அணி என்றதும் ஏன் சூடேறுகிறது என்பதற்கு சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடத்திய சோதனையைப் பார்க்க வேண்டும். 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள் 64 பேர். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார்கள். கூட்டிச் சொன்னவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொன்னவர்கள் இன்னொரு குழு என்று அறிவித்தார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. இன்னொரு சுற்றில் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களில் எது பிடிக்கும் என்று கேட்டுப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய பகை எதுவும் கிடையாது. தனக்கென்று காசு எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. வேறு இரண்டு பேருக்குப் பணம் பங்கிட வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் தன் குழுக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தன் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் சரி, எதிர்க் குழுவைவிட நாம் எவ்வளவு மேலே என்ற இடைவெளி பெரிதாக இருக்கட்டும் என்று பலமுறை தேர்ந்தெடுத்தார்கள். வாய்க்கால் முறைத் தண்ணீர், திருவிழா மண்டகப்படி, நூறு நாள் வேலையில் யாருக்கு எந்த இடம் என்று டெல்டா ஊர்களில் கிளம்பும் தகராறுகளை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. எனக்கு எவ்வளவு என்பதைவிட அவனுக்கு எவ்வளவு என்பதே பேச்சாக இருக்கும்.

ஆனால் இதை வைத்து "மனித சுபாவமே அப்படித்தான்" என்று முடித்துவிடக் கூடாது. பிரிஸ்டல் மாணவர்களுக்குள் நிலம் வைத்திருந்தவன், அந்த நிலத்தில் நடவு நட்டவள் என்ற பிரிவு இல்லை. 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று ஊர் மூன்றாகக் கிடந்ததை விவரித்தார். அந்தத் தெருப் பிரிவு யாரிடம் நிலம், யாரிடம் குத்தகை, யாரிடம் கைக்கூலி மட்டும் என்பதோடு ஒட்டியே போனது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்கு முன்னால் கூலி உயர்வுக் கோரிக்கையும் சங்கக் கொடியும் இருந்தன. உங்கள் ஊரில் "மேலத்தெரு" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது இந்த வரலாறு முழுவதும் அந்தச் சொல்லோடு களத்துக்குள் வந்துவிடுகிறது. அதன் மேல் வெற்றி தோல்வியை ஏற்றினால் போனஸ் கோடு ஒரு சாக்குத்தான்.

போட்டி பகையை எப்படி வளர்க்கிறது, எது அதைத் தணிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் காட்டியது உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் ஒரு கோடை முகாமில் நடத்திய சோதனை. பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேர், இரண்டு குழு. முதல் வாரம் ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு கத்தி, பதக்கம் பரிசாக வைத்துப் போட்டிகள் நடந்தன. சில நாளிலேயே கொடியை எரிப்பதும் குடிலுக்குள் புகுந்து சூறையாடுவதுமாக ஆனது. அடுத்து நடந்ததைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரு குழுவையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். பகை தணியவில்லை, சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். குடிநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் வராமல் போனபோது எல்லோரும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். படம் வாடகைக்கு எடுக்க இரண்டு பக்கமும் காசு சேர்த்தார்கள். நின்றுபோன லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இப்படி ஒரு தரப்பால் மட்டும் முடியாத வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகே இறுக்கம் தளர்ந்தது. ஒரே ஒரு வேலையால் அது நடக்கவில்லை.

இதற்கான நிபந்தனைகளை அதே 1954-இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் எழுதி வைத்தார். சந்திப்பில் இரு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். நோக்கம் பொதுவாக இருக்க வேண்டும். அதை அடைய ஒத்துழைப்பு தேவைப்பட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்களும் சட்டமும் வழக்கமும் அந்தச் சந்திப்பை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் கூடினால் தப்பெண்ணம் குறைகிறது என்ற தொடர்பு மிகப் பெரும்பாலானவற்றில் தெரிந்தது. ஆனால் அதன் சராசரி அளவு சுமார் 0.21 தான், ஒன்று என்றால் முழுத் தொடர்பு, பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை. நிஜமான விளைவு, அளவில் சிறியது. ஒரு பொங்கல் போட்டியால் ஊர் மாறிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் அவர்களின் தொகுப்பில் தெரிந்தது: இந்தப் பலன் மேல்நிலையில் இருக்கும் குழுவிடம் கூடுதலாகவும், ஒதுக்கப்பட்ட குழுவிடம் குறைவாகவும் இருக்கிறது. காலனிப் பையன் இரண்டு நாள் சிரித்துப் பேசியதை நம்பிவிடாமல் தயங்கினால் அவனிடம் குறை காணாதீர்கள். அவனுடைய அனுபவம் அப்படி.

நான்கில் நம் பக்கம் தவறிப்போவது முதல் நிபந்தனைதான். போட்டிக்கான காசு ஊர்த்தெருவில் மட்டும் வரியாக வசூலாகி, காலனி அணி "நாங்கள் கூப்பிட்டு வந்தவர்கள்" ஆகிவிட்டால் சமநிலை அங்கேயே முடிந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாத் தெருவிலும் ஒரே தொகை வாங்குங்கள், கூலி வீட்டுக்கும் கட்டுப்படியாகும் சிறு தொகையாக. முடியாவிட்டால் தெரு வசூலே வேண்டாம். கமிட்டியில் காலனியிலிருந்து ஒருவரைப் பேருக்கு உட்கார வைக்காமல் பொருளாளர் பொறுப்பைக் கொடுங்கள். பணம் கையாளும் இடம் அந்தஸ்துள்ள இடம். ஃப்ளெக்ஸில் பெயர்கள் அகர வரிசையில், சாதிப் பட்டம் இல்லாமல் வரட்டும். உங்கள் ஊர் தனி ஊராட்சி (தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது) என்றால், தலைவர் மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து பரிசு கொடுப்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். ஆல்போர்ட் சொன்ன அதிகாரத்தின் ஆதரவு ஊரில் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும்.

களம் எங்கே என்பதும் இதில் சேரும். கோயில் திடலில் வைத்தால் சிலருக்கு உள்ளே வரவே தயக்கம் இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அரசுப் பள்ளி மைதானம் நல்லது.

இனி அணி. 48 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஊர்த்தெருக்களிலிருந்து 32, காலனியிலிருந்து 16 என்று வைத்துக்கொள்வோம். நான்கு அணி, அணிக்கு 12 பேர். களத்தில் 7, மாற்று 5. தெரு வாரியாகவும், ரைடர் (பாடிச் செல்பவர்), கார்னர், கவர் (ஓரத்திலும் அதற்கு உள்ளேயும் நின்று பிடிப்பவர்கள்) என்ற பொறுப்பு வாரியாகவும் பெயர்களைத் தனித்தனிச் சீட்டாக்கிக் குலுக்குங்கள். அணிக்கு எட்டும் நான்கும் வரும், ஆட்டத் திறனும் ஓரளவு சமமாகும். ஊரார் முன்னிலையில், சின்னப் பிள்ளையின் கையால் எடுக்கச் சொல்லுங்கள். "எங்களை வேண்டுமென்றே பிரித்துவிட்டார்கள்" என்ற பேச்சு எழாது. அணிக்கு நாலு பேராவது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருவன் மட்டும் இருந்தால் எல்லாக் கண்ணும் அவன் மேல் இருக்கும். தப்பு செய்தால் அது அவன் தெருவின் தப்பாகும். நன்றாக ஆடினால் "நீ அவங்க மாதிரி இல்லப்பா" என்ற பாராட்டு வரும். அந்தப் பாராட்டுதான் தப்பெண்ணத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு, ஆளை விதிவிலக்காக்கிவிட்டு அபிப்பிராயத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நாலு பேர், நாலு விதமான ஆட்டம், நாலு விதமான குணம் என்று பார்க்கும்போது விதிவிலக்கு சொல்லித் தப்பிப்பது கடினம். களத்தில் இறக்கும் ஏழு பேரில் இரு தரப்பிலிருந்தும் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்று போட்டி விதியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் மாற்று பெஞ்சு முழுக்க ஒரு தெருவாகிவிடும்.

கபடியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிடிக்கிறவர்கள் கையைக் கோத்துச் சங்கிலியாக நின்று ரைடரைப் பிடிப்பது வழக்கம். அந்த ஜோடிகளைத் தெரு கலந்தே அமையுங்கள். தொட்டால் தீட்டு என்று பழகிய ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஒருவன் காலைப் பிடிக்கும்போது மற்றவன் இடுப்பைப் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் புள்ளி போய்விடும், ஒத்துழைப்பு இங்கே ஆட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. கேப்டன் ஒரு தரப்பு, துணைக் கேப்டன் மறு தரப்பு. நான்கு அணியில் இரண்டுக்குக் காலனிப் பையன்கள் கேப்டன். அணிப் பெயர் தெருப் பெயராக வேண்டாம், தலைவர் பெயராகவும் வேண்டாம். வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று வையுங்கள். எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பெயர்கள். பனியன் நிறம் எடுக்கும்போது கட்சிக் கொடியையோ சாதிச் சங்கக் கொடியையோ நினைவூட்டும் சேர்க்கை வந்துவிடக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து பிறகு அதற்காகவே சண்டை வரும்.

பயிற்சி முக்கியம், போட்டி நாளைவிடவும். போட்டிக்கு முன் ஒரு மாதமாவது, வாரம் மூன்று மாலை. நட்பு உருவாவது அந்த மாலைகளில்தான், இறுதி ஆட்டத்தில் இல்லை. தண்ணீர் கேன் ஒன்று, டம்ளர் பொது. ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வந்தால் சுகாதாரம் என்ற பெயரில் பழைய தனி டம்ளர் திரும்பி வந்துவிடும். யார் தண்ணீர் பிடித்து வருவது என்பது முறை வைத்து நடக்கட்டும். போட்டி நாள் சாப்பாடு ஒரே சமையல், ஒரே பந்தி, பரிமாறுகிறவர்களிலும் கலப்பு. சமையல் யார் வீட்டுப் பக்கம் நடக்கிறது, யாரெல்லாம் "விரதம்", "வயிறு சரியில்லை" என்று எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். சண்டை போட வேண்டாம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். ஸ்கோர் எழுத இருவர், தரப்புக்கு ஒருவர். போனஸ் கோடு, லாபி (களத்தின் இரு பக்க ஓரப் பட்டை) இரண்டும் தெரியும்படி இரண்டு முனையிலும் மொபைலில் வீடியோ பதிவு செய்யுங்கள். தகராறு பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் தொடங்கும். கலப்பு அணியில் இன்னொரு லாபம், பார்வையாளர் கூட்டமும் தெருவாரியாகப் பிரிந்து நிற்க முடியாது. ஒவ்வொரு தெருவுக்கும் நான்கு அணியிலும் பிள்ளைகள் இருக்கும்போது யாரை எதிர்த்துக் கூச்சல் போடுவது? வென்றவர்களை அடுத்த ஊர்ப் போட்டிக்கு அனுப்பலாம், ஊர்ப் பெயரில் சேர்ந்து ஆடுவதும் ஒரு பிணைப்பு. ஆனால் அதையே முதலீடாக்காதீர்கள். வெளியே ஓர் எதிரியைக் காட்டி உள்ளே ஒற்றுமை சேர்ப்பது தற்காலிகம், பகையை இன்னும் பெரிய வட்டத்துக்குக் கொண்டு போகும் வழி என்று ஷெரிஃபே எச்சரித்திருக்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கும் அணி வேண்டும் என்றால் தடை வேறு மாதிரி வரும். வீட்டார் சொல்லும் காரணம் பாதுகாப்பு; உள்ளே இருக்கும் பயம் காதல் கல்யாணம். பள்ளி அணியாக, ஆசிரியை பொறுப்பில் தொடங்குங்கள்.

அடுத்து, "யாரும் சாதி பார்ப்பதில்லை" என்ற பேச்சு. இதை நம்புவதற்கும் நம்பாததற்கும் முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், மனிதர்கள் வாயால் சொல்வதும் கையால் செய்வதும் இரண்டு திசையிலும் விலகும். சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியேர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கப் பயணம் போனார். 251 விடுதிகள், உணவகங்களில் ஒன்றே ஒன்றுதான் இடம் இல்லை என்றது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டபோது பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். நம்மிடம் இது தலைகீழ். கேட்டால் நல்ல பதில் வரும், நடப்பில் கதவு மூடும். அப்படியும் 2011-12 இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பில் 27 சதவீதக் குடும்பங்கள் தீண்டாமை கடைப்பிடிப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்டன. கடைப்பிடித்தும் ஒப்புக்கொள்ளாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2007-இல் வந்த முடிவு: உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அந்த நிறுவனங்களில் யாரைக் கேட்டாலும் திறமைதான் பார்க்கிறோம் என்றே சொல்லியிருப்பார்கள். பொய் சொல்லியிருக்கவும் தேவையில்லை. பெயரைப் பார்த்ததும் வந்த சின்னத் தயக்கம் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அதனால் உங்கள் ஊரில் அபிப்பிராயம் கேட்டு அலையாமல் நடப்பைக் குறியுங்கள். டீக்கடையில் யார் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், யார் ரோட்டில் நின்று குடிக்கிறார்கள், யாருக்குப் பேப்பர் கப். முடிதிருத்தும் கடைக்கு எந்தத் தெருக்காரர் வருகிறார், எவர் மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ போய் வெட்டிக்கொண்டு வருகிறார். கொள்முதல் நிலையத்தில் யார் மூட்டை எத்தனை நாள் காத்துக் கிடக்கிறது. கோயிலில் எது வரை போகிறார்கள். சுடுகாட்டுப் பாதை யார் வயலில் நின்றுவிடுகிறது. திருமண வீட்டில் யார் முதல் பந்தி, யாருக்குப் பார்சல். ஒரு நோட்டில் நாள், நேரம், இடம் போட்டு இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். ஒருவர் மேலத்தெரு, ஒருவர் காலனி என்றால் நல்லது. ஒரே காட்சியில் இருவரும் வெவ்வேறு விஷயத்தைக் கவனிப்பது தெரியவரும். காலனிப் பையனைக் கடைக்குள் அனுப்பிச் "சோதித்து" பார்க்கும் வேலை வேண்டாம். அதன் விலையை அவன்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த நோட்டில் பேச்சையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டிக்ரூ 1979-இல் சுட்டிக்காட்டிய ஒரு வழக்கம் உண்டு. நம்மவர் செய்த தவறுக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டுவோம், அவர்கள் செய்த அதே தவறுக்குக் குணத்தை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் குறுவை போனதால் மேலத்தெருக்காரர் சங்கக் கடனைக் கட்டவில்லை; காலனிக்காரர் கட்டவில்லை என்றால் "அவங்க புத்தியே அப்படி". வயல் வேலைக்கு ஆள் வராததற்கு "நூறு நாள் வேலை வந்து சோம்பேறியாகிட்டாங்க" என்பார்கள். கூலி எவ்வளவு, அறுவடை இயந்திரம் வந்த பிறகு வருடத்தில் எத்தனை நாள் வேலை மிஞ்சியது என்ற கேள்வி எழாது. அடுத்த முறை இப்படிப் பேச்சு வந்தால் வாதாடாமல், நம் தெருவில் இது நடந்தால் என்ன காரணம் சொல்வோம் என்று மட்டும் கேளுங்கள்.

மன்றத்தில் ஆசிரியர் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தனியாக இரண்டு செய்தி. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் உயர்சாதியில் 321, தாழ்த்தப்பட்ட சாதியில் 321 சிறுவர்களுக்கு வழிப்புதிர் (சிக்கலான பாதையில் வெளியேறும் வழியைத் தேடும் புதிர்) கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னும் அறிவித்தபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். உதவித்தொகைப் படிவத்துக்காக "எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் சொல்வது அதே அறிவிப்புதான். நல்ல காரியத்துக்குச் சொன்னாலும் பிள்ளையின் மனதில் நடப்பது ஒன்றே. தலைமை ஆசிரியர் அறையில் தனித்தனியாக அழைத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, விடைத்தாள். ரெமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012-இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று எழுதிய தாள்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. திருத்தத் தொடங்கும்போதுதான் இந்தச் சாய்வு கூடுதல். எந்த விடைக்கு எவ்வளவு என்று மனதில் அளவு நிற்காத நேரத்தில் முகப்பில் இருக்கும் விவரம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பெயரை மடித்து ஒட்டிவிட்டு, மதிப்பெண் பங்கீட்டை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, முதல் பத்துத் தாளைக் கடைசியில் இன்னொரு முறை திருத்துங்கள். வகுப்பில் உட்காரும் இடத்தையும் குழுவையும் பெயரின் அகர வரிசையில் பிரித்தால், யார் யாரோடு என்பதை வீட்டுப் பழக்கம் தீர்மானிக்காது.

"பொதுவான கஷ்டம் வந்தால் தானாகச் சேர்ந்துவிடுவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அலை யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நிவாரண முகாமில் பிரித்தார்கள். தலித் குடும்பங்களைப் பொது முகாமில் சேர்க்காததையும், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. நிவாரணம் ஒருவருக்குப் போனால் மற்றவருக்குக் குறையும் என்ற நிலையில், கஷ்டம் பொதுவாக இருந்தும் ஒத்துழைப்புக்குத் தேவை எழவில்லை. மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாருவதும் மதகு சீர்செய்வதும் நீங்கள் எடுக்கத் தகுந்த வேலைகள். தலைமடை தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதால் இரு தெருவும் வேண்டும். அங்கும் ஊர்த்தெருக்காரர் மேற்பார்வை, காலனிக்காரர் மண்வெட்டி என்று ஆகிவிட்டால் பண்ணை வேலை மறுபடி நடக்கிறது என்றுதான் பொருள். மண்வெட்டியும் மேற்பார்வையும் மாறி மாறி வரட்டும்.

நட்பு வளர்ந்த பிறகு வரும் ஓர் ஆபத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். தமார் சாகுய் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான விஷயங்களை மட்டும் பேசிப் பழகிய பிறகு பலம் குறைந்த குழுவினர் "இனி இவர்கள் நம்மிடம் நியாயமாக நடப்பார்கள்" என்று எதிர்பார்த்தார்கள். பலமுள்ள குழு பங்கிடும்போது முன்போலவே தன் பக்கம் சாய்த்தது. ஒன்றாக பைக்கில் போவார்கள், ஒரே தட்டில் புரோட்டா சாப்பிடுவார்கள். சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை கிராம சபைக்கு வரும்போது நண்பன் வாய் திறக்கமாட்டான். இதனால் நட்பு வேண்டாம் என்று ஆகாது. கலப்பு அணி உருவான மன்றம், அந்த நோட்டில் எழுதியவற்றில் ஏதாவது ஒன்றையாவது தீர்மானமாகக் கிராம சபையில் வைக்க வேண்டும். அதைப் படிப்பவர் மேலத்தெருப் பையனாக இருக்க வேண்டும்.

ஒருநாள் சமத்துவப் பொங்கல், உறுதிமொழி, சுவரொட்டி இவற்றால் மட்டும் நிலைத்த மாற்றம் வரும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. எலிசபெத் பலக் குழுவினர் 2021-இல் 418 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலானவை குறுகிய, மேலோட்டமான முயற்சிகள் என்று வருத்தப்பட்டார்கள். அதே பலக், இனப் படுகொலை நடந்த ருவாண்டாவில் ஓராண்டு ஓடிய நல்லிணக்க வானொலி நாடகத்தை ஆராய்ந்து 2009-இல் எழுதியது நமக்கு உதவும். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. "நம் ஊரில் எது வழக்கம், எது கூடாது" என்ற எண்ணம் மாறியது, நடத்தையும் அதோடு மாறியது. எனவே மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் வழக்கத்தை மாற்றுங்கள். டீக்கடையில் பேப்பர் கப் எல்லோருக்கும் அல்லது யாருக்கும் இல்லை என்று கடைக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பது, அவர் உள்ளத்தைத் திருத்துவதைவிட எளிது, உடனே பலிக்கும்.

பலன் தெரிய ஓர் அளவு வேண்டும். பயிற்சி தொடங்கும் முன், போட்டி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று மூன்று முறை, ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் தனியாக மூன்று கேள்வி கேளுங்கள். டவுனுக்குப் போக யாரைக் கூப்பிடுவாய், ஐந்து பெயர். போன மாதம் யார் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாய்? யார் வீட்டில் சாப்பிட்டாய்? தெரு தாண்டிய பெயர்கள் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள், சீட்டைக் கிழித்துவிடுங்கள். முதல் கேள்வியில் எண் ஏறி மூன்றாவதில் ஏறாமல் இருப்பதுதான் வழக்கமாக எதிர்பார்க்க வேண்டியது. வாசல் கடைசியில்தான் திறக்கும்.

போன பொங்கல் கைகலப்பைப் பற்றி ஒன்று. அதில் யாராவது பலர் முன்னால் சாதிப் பெயர் சொல்லி இழிவாகத் திட்டியிருந்தாலோ, காலனியினர் தாக்கப்பட்டிருந்தாலோ, அதற்கு மருந்து கலப்பு அணி இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் வந்தால் முதற்கட்ட விசாரணை என்று தள்ளிப்போடாமல் வழக்குப் பதிய வேண்டும்; டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்; 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். கடமையைச் செய்யாத அலுவலர் மேலும் 4-ஆம் பிரிவில் நடவடிக்கை உண்டு. காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பி அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பலாம், 14566 என்ற உதவி எண்ணிலும் பதியலாம். இரு தரப்பிலும் ஐந்து ஐந்து பேரை உட்கார வைத்து "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்று எழுதி வாங்கும் சமாதானக் கூட்டத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு காலனிப் பையன்கள் உங்கள் சீட்டுக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கமாட்டார்கள். முதலில் இது முடியட்டும். சம்பா அறுவடைக்கு ஆட்கள் போகும் நாட்களை விட்டு, மாசி பங்குனியில் பயிற்சியைத் தொடங்குங்கள்.